மறுமொழி: ‘கரிக்குலம் அனலிட்டிக்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் கொடுக்கும் பாடங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தரவு கொண்டு ஆராயும் ‘கரிக்குலம் அனலிட்டிக்ஸ்’ துறைக்கு, அகராதியில் சேர்க்க ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன்: மாணவர் தரவுப் பகுப்பாய்வு, பாடத்திட்டப் பகுப்பாய்வியல், கலைத்திட்டத் தாக்க மதிப்பீடு, கற்றல் பகுப்பாய்வு. எதுவும் தவறான தமிழ் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையைக் குறிக்கிறது. நாம் எந்த வேலைக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம்.

> மாணவர்களின் மதிப்பெண்ணையும் வருகையையும் அலசுவதுதானே இது? ‘மாணவர் தரவுப் பகுப்பாய்வு’ என்றாலே எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஐயா. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் தலைமையாசிரியர் அறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று தயாராகும். இந்தத் துறை கேட்கும் கேள்வியோ, நாம் கொடுத்த பாடம் பிள்ளைக்கு எதைக் கற்றுத் தந்தது என்பது. விசாரணை பாடத்தின் மீது. பிள்ளையின் விடைத்தாள் அதற்குச் சாட்சி. பெயரிலேயே பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டால் பழி அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பரிந்துரையை அவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்கிறோம். சரியான விடை 14. ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது: எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இன்னொரு பிள்ளை 24 என்கிறது. அது கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை. கடன் கொடுத்த ஐந்தை நான்காக்க மறந்துவிட்டது. மூன்றாவது பிள்ளை 90 என்கிறது, அது கூட்டிவிட்டது. மதிப்பெண் பதிவேட்டில் மூன்றுமே பூஜ்யம்.

இப்போது ஒரு மாவட்டம் முழுக்க விடைகளைத் திரட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் 26 குவிந்திருந்தால் அந்த வகுப்பறைக்குப் போய்ப் பார்க்கலாம். ஊர் வேறு, ஆசிரியர் வேறு, பள்ளி வேறு, ஆனாலும் எங்கே பார்த்தாலும் 26 என்றால் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். கடன் வாங்காத கழித்தலுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? அதில் வரும் கணக்குகளில் எல்லாம் மேல் இலக்கமே பெரியதாக இருக்கிறதா? பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டும் வேலை கடன் வாங்கும் பாடத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? இந்தத் தேடலுக்குத்தான் பெயர் கேட்கிறோம். மதிப்பெண் மட்டும் பதிவாகியிருந்தால் இதைச் செய்யவே முடியாது. பிள்ளை என்ன எழுதியது என்பதும் தரவில் இருக்க வேண்டும். நம் வரையறையில் இது இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘கற்றல் பகுப்பாய்வு’ என்பதை லேர்னிங் அனலிட்டிக்ஸுக்கே விட்டுவிடலாம். மாணவர் கற்பதைப் பற்றிய எல்லாத் தரவையும் அலசும் அகன்ற துறை அது. அதற்கான முதல் பன்னாட்டு மாநாடு 2011-இல் கனடாவின் பான்ஃப் நகரில் நடந்தது. நாம் பேசுவது அதன் ஒரு கிளையை.

> ‘பாடத்திட்டப் பகுப்பாய்வியல்’ என்று நேராகவே வைத்துவிட்டால் என்ன?

இதில் எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, பாடத்திட்டம் என்றால் நம் வழக்கில் சிலபஸ்தான். குறிக்கோள், பாடப்பொருள், கற்பிக்கும் முறை, மதிப்பீடு எல்லாம் சேர்ந்த கரிக்குலத்துக்குக் ‘கலைத்திட்டம்’ என்ற சொல் பி.எட். நூல்களில் இருக்கிறது; இலங்கையில் அதுவே நடைமுறைச் சொல். அதை விட வேண்டாம்.

மற்றது கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஹைல்மேனும் உடனிருந்தவர்களும் ‘கரிக்குலர் அனலிட்டிக்ஸ்’ என்ற பெயரில் செய்த வேலை வேறு. எந்தப் பாடத்தை முடித்தால்தான் எந்தப் பாடத்துக்குப் போகலாம் என்று ஒரு பட்டப்படிப்பின் பாடங்களைக் கோடு போட்டு இணைப்பார்கள். முதல் பருவக் கணிதத்தில் ஒருவர் தோற்றால் அடுத்து எத்தனை பாடங்களின் கதவு அடைபடும், சங்கிலி எவ்வளவு நீளம் என்று கணக்கிடுவார்கள். ஒரு மாணவரின் தரவுகூட இல்லாமலே இதைச் செய்துவிடலாம். இதுவும் தேவையான ஆய்வுதான். ஆனால் கற்றல் நடந்ததா என்பதை இது சொல்லாது. பொதுப்பட ‘பகுப்பாய்வியல்’ என்று வைத்தால் இரண்டும் கலந்துவிடும். அதைக் ‘கலைத்திட்டக் கட்டமைப்பாய்வு’ என்று தனியே பிரித்து வைக்கப் பரிந்துரைக்கிறேன்.

நாம் தேடும் சொல்லுக்கு என் முன்மொழிவு: கலைத்திட்ட விளைவாய்வு.

‘தாக்கம்’ ஏன் வேண்டாம் என்றால், இலங்கை மாணவருக்கு அது வேதியியல் வினையையும் நியூட்டனின் மூன்றாம் விதியையும் நினைவூட்டும் சொல். ‘பயன்’ என்று வைத்தால் நன்மை நடந்தது என்று ஆய்வுக்கு முன்பே முடிவு கட்டியதாகிவிடும். ஒரு கலைத்திட்டத்தால் கெடுதலும் நேரலாம், ஒன்றுமே நேராமலும் போகலாம். விளைவு மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது.

> தமிழ்நாட்டில் லேர்னிங் அவுட்கம்முக்குக் ‘கற்றல் விளைவு’ என்றுதானே எழுதுகிறீர்கள்? அப்போ விளைவாய்வு என்றால் அதைச் சரிபார்ப்பது என்றல்லவா விளங்கும்? நாங்கள் ‘கற்றல் பேறு’ என்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதிய இந்தக் குறிப்புதான் இழையிலேயே மிக முக்கியமானது. ஆண்டு முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பது பேறு. அதில் எவ்வளவு இந்தக் கலைத்திட்டத்தால் வந்தது என்பது விளைவு. வீட்டில் அக்கா சொல்லிக் கொடுத்ததும், டியூஷனும், வயது கூடியதும் பேற்றில் சேர்ந்துவிடும். விளைவில் சேரக் கூடாது. இரண்டையும் பிரிக்க ஒப்பீடு வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ செய்த ஆய்வு. பெருந்தொற்று மூடலுக்குப் பின் 2021 டிசம்பரில் குழந்தைகளின் கற்றலை அளந்து, அதே கிராமங்களில் 2019-இல் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பெரிய பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்த 6 மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்தது என்று கணித்தார்கள். மீட்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடவில்லை பாருங்கள். அந்தப் பிரிப்புதான் விளைவாய்வு. கலைத்திட்டத்துக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

ஒப்பீடு கைநழுவிய கதையும் இங்கேயே உண்டு. 2018-19-இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. அடுத்த ஆண்டு 10, 12-க்கும் வந்தன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை, எல்லாரும் தேர்ச்சி. புதிய கலைத்திட்டம் என்ன செய்தது என்பதைத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு உழைப்பைக் கொட்டி எழுதிய புத்தகங்கள் அவை. அவற்றின் விளைவு தெரியாமலே போனது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே பேறு என்பதை அவுட்கம்முக்கு எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ‘கற்றல் விளைவு’ இருக்கும்வரை அகராதிப் பதிவில் அதையும் இணைச்சொல்லாகக் காட்டலாம்.

திறன் பற்றியும் ஒரு வார்த்தை. வரையறையில் ‘தேர்ச்சி’ என்று யாரும் எழுத வேண்டாம். சென்னையில் அது பாஸ். கொழும்பில் அது காம்பிடன்சி, அதாவது ஒன்றைச் செய்யும் திறன். இரண்டு பக்கமும் படிப்பார்கள் என்பதால் ‘திறன்’ போதும். அதே போல, பிள்ளையின் கற்றலை அளக்கும் அசெஸ்மெண்டுக்கும், அளந்ததை வைத்துத் தரம் சொல்லும் எவாலுவேஷனுக்கும் நாம் இங்கே ‘மதிப்பீடு’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறோம். இலங்கையில் கணிப்பீடு, மதிப்பீடு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவு இப்படி இருக்கலாம்:

கலைத்திட்ட விளைவாய்வு – ஒரு கலைத்திட்டம் மாணவரின் கற்றலிலும் திறனிலும் உண்டாக்கிய மாற்றத்தை, மாணவரின் விடைகள், கணிப்பீடுகள், வருகை முதலிய தரவுகளைத் தக்க ஒப்பீட்டோடு பகுத்து அறிதல்.

‘தக்க ஒப்பீடு’ என்பது வரையறைக்குள் இருக்க வேண்டுமா, குறிப்பில் போதுமா என்று சிலர் கேட்கக்கூடும். உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘கட்டமைப்பாய்வு’ என்பதில் எனக்கே முழு நிறைவில்லை. பொறியியலில் கட்டடத் தாங்குதிறன் ஆய்வோடு மோதுகிறது. பாட வரிசை, முன்தேவைப் பாடம் என்ற பொருள் தொனிக்கும் வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.