கைராசி டாக்டர் என்கிறார்கள், கவனிப்பு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

குத்தாலத்தான்:
பக்கத்துத் தெருவில் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர். சாயங்காலம் டோக்கன் போட்டுப் பார்க்கிறார், ஒன்பது மணி வரை கூட்டம். அம்மாவுக்கு 64 வயது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் அவரிடம்தான் மாத்திரை. காய்ச்சல் என்று போனால் ஒரு ஊசி, வெள்ளைக் கவரில் மூன்று நாள் மாத்திரை. கவரில் பெயர் எதுவும் இருக்காது. மறுநாளே எழுந்து நடமாட முடிகிறது என்பதால் கைராசிக்காரர் என்று ஊரில் பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான். டாக்டரை மாற்றணுமா, இதுவே போதுமா? மருத்துவம் படிக்காதவர் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி இருப்பதைச் சொல்லுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்:
நிமிஷக் கணக்கை விடுங்க. பிரஷர் எப்படிப் பார்க்கிறாங்கன்னு கவனிங்க, மிச்சமெல்லாம் அதிலேயே தெரிஞ்சுடும். உள்ளே வந்ததும் ஸ்டூல்ல உட்காரவச்சு, ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுத்தி, "எப்படிம்மா இருக்கீங்க"ன்னு பேசிக்கிட்டே காத்தடிச்சா அந்த நம்பரை நம்ப முடியாது. முதுகு சாயாம உட்கார்றது, கால் தொங்குறது, பேசுறது எல்லாமே பிரஷரைக் கூட்டிக் காட்டும். அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரவைக்கணும். பாதம் தரையில, கை மேஜை மேல நெஞ்சு உயரத்துல, துணியில்லாத கையில பட்டை. அதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துக்குள்ள டீ, காபி குடிச்சிருக்கக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கிட்டும் உட்காரக் கூடாது.

பட்டையோட அளவும் முக்கியம். உள்ளே இருக்கிற ரப்பர் பை கையோட சுற்றளவுல 80 சதவீதமாவது வரணும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டா 10 பாயின்டுக்கு மேலகூட ஏத்திக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டுவாங்க. வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது தலைசுத்தி விழுவாங்க. முதல் தடவை போனப்ப ரெண்டு கையிலயும் பார்த்திருக்கணும். அம்மா வயசுக்கு, எழுந்து நிக்கச் சொல்லியும் ஒரு தடவை பார்க்கணும்.

ஊசி போடுறப்ப சிரிஞ்சை உங்க கண் முன்னாடி உறையிலிருந்து பிரிக்கணும். போட்டு முடிச்சதும் ஊசிக்கு மறுபடி மூடி போடாம கட்டரில் வெட்டணும். ஊசி முனை வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்சு சிவப்புப் பைக்கு. மருந்து பாட்டிலோட ரப்பர் மூடியில ஒரு ஊசி குத்தினபடியே நின்னா அங்க எந்த ஊசியும் போட்டுக்காதீங்க.

மருந்தாளுநர்:
அந்தக் கவர்தான் எனக்கு உறுத்துகிறது. டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மாத்திரை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பெயரில்லாமல் கொடுப்பதுதான் சிக்கல். நடுராத்திரி ஜி.எச்.சில் சேர்த்தால் என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சீட்டில் டாக்டரின் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண், படிக்கும்படியாக மருந்தின் ஜெனரிக் பெயர் (பிராண்டுப் பெயரல்ல, மருந்தின் சொந்தப் பெயர்), அளவு, எத்தனை நாள் என்பது இருக்கவேண்டும்.

மறுநாளே எழுந்து நடமாடும் ரகசியம் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோனும்தான். முதலில் சொன்னது வலிமருந்து, இரண்டாவதாகச் சொன்னது ஸ்டீராய்டு. காய்ச்சலை அமுக்கும், நோயை அல்ல; சுகர்காரர்களுக்கு அடுத்த ஓரிரு நாள் சுகர் எகிறும். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். "என்ன ஊசி சார், பாராசிட்டமால் மாத்திரை போதாதா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

சுகர் மாத்திரையில் இன்னொன்று. பிராண்டுப் பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று வந்தால் அந்த எண் பொதுவாக கிளிமிபிரைடு என்ற சுகர் மருந்தின் மில்லிகிராம், கூடவே மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தும் இருக்கும். வேறொரு டாக்டர் கிளிமிபிரைடைத் தனியாக எழுதி, இரண்டையும் சேர்த்து விழுங்கி, சுகர் இறங்கி மயங்கி விழுவது அடிக்கடி நடப்பது. பெயரில்லாத கவர் என்றால் இதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

குத்தாலத்தான்:
மாத்திரைப் பெயரை எழுதித் தரச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ? சுகருக்கு மாதாமாதம் விரலில் குத்திப் பார்த்துத்தான் மாத்திரை தருகிறார். அது போதாதா?

பொது மருத்துவன்:
போதாது. விரலில் குத்துவது அந்த நிமிஷத்துக் கணக்கு. முந்தின நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் அழகாக வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) வேண்டும்; நிலையாக இருந்தால் ஆறு மாதம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, கிட்னிக்காகச் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியேட்டினின், கண்ணுக்காகச் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை.

பிறகு பாதம். நம் ஊரில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம், அப்படியும் குனிந்து பார்ப்பவர் குறைவு. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தில் வளையும் அளவுக்கு அழுத்தி, நோயாளி கண்ணை மூடியபடி உணர்கிறாரா என்று கேட்கவேண்டும். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்து, பாதத்தின் மேல்புறம் நாடியையும் தொட்டுப் பார்க்கவேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆகாது. பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்குக் கால் மதமதப்பு வந்தால் எல்லாமே சுகர் என்று தள்ளிவிடாமல் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கவேண்டும். வருஷம் முழுக்க ஒருமுறைகூடப் பாதத்தைப் பார்க்காத டாக்டர் சுகருக்கு வைத்தியம் செய்வதாக நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டு நிமிஷம் தப்பில்லை, நாள்பட்ட நோயாளிக்கு, பழைய கணக்கு கையில் இருந்தால். காய்ச்சலில் நான் பார்ப்பது வேறு: எப்போது திரும்பி வரணும் என்று சொல்லி அனுப்பினாரா? டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்து. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் ஓடிவா என்று சொன்னவரை விட்டுவிடாதீர்கள்.

கோபித்துக்கொள்வாரா என்றால், "சந்தேகமா இருக்கு, எழுதுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "வெளியூர் போனா காட்டணும் சார், மாத்திரை பேர் சீட்டுல போட்டுக் குடுங்க" என்றால் அநேகமாக எழுதிவிடுவார். அதற்கும் மறுத்தால் மாற்றுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்:
செலவு இடிச்சா ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிரஷர் மாத்திரை இலவசம். தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ல வந்ததுலேர்ந்து வீட்டுக்கே கொண்டுவந்தும் தர்றாங்க. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு இடத்து மாத்திரையும் வேண்டாம். அங்க வாங்குறதை இவர்கிட்ட, இவர் தர்றதை அங்க, மாத்திரை அட்டையோட காட்டுங்க. லேப் ரிப்போர்ட் தெர்மல் பேப்பர்ல வந்தா அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க, எழுத்து மங்கிடும்.