கோதுமைப் பால் தெளிவதைக் கணினியில் செய்து பார்க்கிறேன், துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன

பாளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாளையங்கோட்டை, எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறேன். மாமா வீட்டில் அல்வா கிண்டி விற்கிறார்கள். சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பிழிந்த பாலைச் சாயங்காலம் அண்டாவில் ஊற்றி மூடி வைத்தால், காலையில் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அதைச் சாய்த்து வடித்துவிட்டுப் பார்த்தால் சற்றே பழுப்பாக, கொழகொழவென்று ஓர் ஏடு. அதற்கும் கீழே, அகப்பையால் சுரண்டித்தான் எடுக்க முடியும் என்கிற அளவுக்கு இறுகிப்போன வெள்ளை மாவு. சின்ன வயதிலிருந்து பார்க்கிற இந்த இரண்டு அடுக்கு எப்படி வருகிறது என்பதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய துகளின் விட்டம் 20 மைக்ரான், சின்னது 5 மைக்ரான் என்று வைத்திருக்கிறேன், இரண்டும் கோளம். நிலைம விசைக்கும் பாகுவிசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் 0.002 அளவுதான் வருகிறது, அதனால் நிலைமத்தை விட்டுவிடுகிற ஸ்டோக்ஸ் சமன்பாடு போதும், பவுண்டரி எலிமென்ட் முறையில் போனால் தண்ணீருக்குள் மெஷ், அதாவது கணக்குக்கான வலை, போடவே வேண்டாம், துகளின் மேற்பரப்பை மட்டும் முக்கோணங்களாக வெட்டினால் போதும் என்று பைத்தானில் எழுத ஆரம்பித்தேன். ஒற்றைக் கோளம் விழும்போது ஸ்டோக்ஸ் விதி சொல்லும் இழுவை விசை ஒரு சதவீதப் பிழைக்குள் வந்துவிட்டது. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பெரிய கோளத்தைச் சின்னதுக்கு நேர் மேலே வைத்து விட்டால் பெரியது வேகமாக இறங்கி நெருங்குகிறது, நெருங்கியதும் வேகம் மேலும் கீழும் துள்ளுகிறது, அடுத்த நான்கைந்து நேரப்படிகளில் ஒன்று இன்னொன்றுக்குள் பாதி புகுந்து நிற்கிறது. கோளத்துக்கு 320 முக்கோணம் வைத்திருந்தேன், 1280 ஆக்கினேன், கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. 20 துகள் போட்டால் மேட்ரிக்ஸ் மெமரியில் ஏறவே இல்லை. இதெல்லாம் வேண்டாம், தண்ணீர் முழுக்க அசையாத கட்டம் போட்டு அதன் மேல் துகளை நகர்த்துகிற இம்மர்ஸ்டு பவுண்டரி முறைக்கு மாறிவிடு என்கிறார் கைடு. மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மாறினால் இந்தப் பிரச்சினை தீருமா?


அம்பை:

தம்பி, அவசரப்பட்டு மாறாதே. நான் இந்த முறையிலேயே பல வருடமாக வேலை செய்கிறவன், நீ சொல்கிற துள்ளலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஸ்டோக்ஸ் சமன்பாட்டின்படி வழுவழுப்பான இரண்டு கோளங்கள், வரையறுத்த விசையால் தள்ளப்படும்வரை, எவ்வளவு நேரமானாலும் ஒன்றையொன்று தொடவே தொடாது. இடையிலிருக்கிற தண்ணீர் பிதுங்கி வெளியே போக வேண்டும், இடைவெளி குறையக் குறைய அது போக வழி இல்லாமல் எதிர்விசை ஏறிக்கொண்டே போகும். ஒரு கோளம் சமதளச் சுவரை நெருங்கும்போது இடைவெளி ஆரத்தில் நூறில் ஒரு பங்கு ஆகிவிட்டால் எதிர்ப்பு சாதாரண ஸ்டோக்ஸ் இழுவையைப்போல ஏறத்தாழ 100 மடங்கு. ஆக உன் துகள்கள் புகுந்துகொள்கின்றன என்றால் அது இயற்பியலில் இல்லாத ஒன்று, முழுக்க எண்கணக்கில் வந்த பிழை.

எங்கே வந்தது என்று பார்ப்போம். 320 முக்கோணத்தில் ஒரு முக்கோணத்தின் பக்கம் ஆரத்தில் சுமார் 0.3 பங்கு. 1280 என்றால் 0.15. இடைவெளி இதைவிடச் சின்னதாகிவிட்டால், அந்த இடுக்கில் அழுத்தம் எவ்வளவு கூர்மையாக ஏறுகிறது என்பது உன் மெஷ்ஷின் கண்ணுக்குத் தெரியாது, ஒரு முக்கோணத்துக்கு ஒரே மதிப்பு என்று சராசரி எடுத்து அதைக் கரைத்துவிடும். மெஷ்ஷை நான்கு மடங்கு ஆக்கியும் பிரச்சினை கொஞ்சம் மட்டும் தள்ளிப்போனது அதனால்தான்.

வழி இரண்டு. இடுக்குக்கு எதிரே உள்ள முக்கோணங்களை மட்டும் இடைவெளி அளவுக்குப் பொடியாக வெட்டிக்கொண்டே போகலாம், இரண்டு துகளுக்குச் சரி, இருபதுக்குத் தாங்காது. அடுத்தது, இடுக்கிலிருக்கிற தண்ணீர் தருகிற அந்த எதிர்விசையை, அதாவது லூப்ரிகேஷன் விசையை, கையால் சேர்ப்பது. இரண்டு ஆரங்களையும் பெருக்கி அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நீளம் வரும், அதை வர்க்கப்படுத்தி, ஆறு பை, பாகியல் எண், நெருங்கும் வேகம் மூன்றாலும் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் நேர்முக நெருக்கத்துக்கான முதன்மை உறுப்பு அதுதான். பக்கவாட்டில் உரசிப் போவதற்கு இதுபோல வேறொரு உறுப்பு உண்டு, அது லாகரிதமாகத்தான் ஏறும், அவ்வளவு கொடூரம் இல்லை. சேர்க்கும்போது உன் மெஷ் ஏற்கெனவே பிடித்த பங்கைக் கழித்துவிட்டுச் சேர், இல்லாவிட்டால் அதே விசையை இரண்டு தடவை கணக்கில் எடுத்ததாகிவிடும். பிரேடியும் போசியும் 1988-இல் விளக்கிய ஸ்டோக்சியன் டைனமிக்ஸ் முறையின் உயிர்நாடியே தூரத் தொடர்பையும் கிட்டத் தொடர்பையும் இப்படிப் பிரித்துச் சேர்ப்பதுதான். நேரப்படியையும் பார், இடைவெளி அடுக்குக்குறி வேகத்தில் குறையும், நிலையான ஒரே நேரப்படியை வைத்தால் ஒரே எட்டில் தாண்டிவிடும். கூடவே, துகள் அருகில் போனால் மட்டும் வேலை செய்கிற சின்னதொரு விலக்கு விசையும் வைப்பார்கள், நிஜத் துகள் வழுவழுப்பாகவா இருக்கிறது.

மேட்ரிக்ஸுக்கு வருவோம். 1280 முக்கோணம், ஒவ்வொன்றுக்கும் மூன்று திசை, 20 துகள், மொத்தம் 76,800 மாறிகள். முறை அடர்த்தியான மேட்ரிக்ஸைத் தருவதால் அதைச் சேமிக்கவே 47 ஜிகாபைட் வேண்டும். அதைச் சேமிக்காதே. திரும்பத் திரும்பப் பெருக்கித் தீர்வை நெருங்குகிற ஜிஎம்ரெஸ் போன்ற சால்வரைப் போட்டு, பெருக்கலைத் தேவைப்படும்போது கணக்கிடு. துகள் நூற்றுக்கணக்கில் போனால் கிரீன்கார்டும் ராக்லினும் 1987-இல் கொண்டுவந்த, தூரத்தில் இருப்பவற்றைக் கூட்டமாகச் சேர்த்து ஒரேயடியாகக் கணக்கிடுகிற ஃபாஸ்ட் மல்டிபோல் பக்கம் போகலாம். லூப்ரிகேஷன் சேர்த்துவிட்டால் உனக்கு 320 முக்கோணமே போதும், 19,200 மாறிகள், 3 ஜிகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, நீ கேட்கவில்லை, ஆனால் கண்டிப்பாகத் தடுக்கி விழுவாய். ஸ்டோக்ஸ்லெட்டை, அதாவது ஒரு புள்ளியில் கொடுத்த விசை தண்ணீரில் உண்டாக்கும் பாய்வை, மேற்பரப்பில் பரப்புகிற முதல் வகைச் சமன்பாட்டில் (தெரியாத சார்பு தொகையீட்டுக்குள்ளே மட்டும் வரும்), ஒவ்வொரு துகளிலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரே அளவு அழுத்தத்தைக் கூட்டினாலும் வெளிப்பாய்வு மாறாது. அதனால் தீர்வு ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, மேட்ரிக்ஸ் தடுமாறும், மெஷ் நுணுக நுணுக மோசமாகும். துகளுக்கு ஒரு நிபந்தனை சேர்த்து அந்தப் பாகத்தை நீக்கிவிடு. முழுசாகவே தப்ப வேண்டுமென்றால் பவரும் மிராண்டாவும் 1987-இல் கொடுத்த இரண்டாம் வகைச் சமன்பாடு (அதில் தெரியாத சார்பு தொகையீட்டுக்கு வெளியேயும் வரும்) இருக்கிறது.


ஸ்ரீவைகுண்டம்:

நான் இம்மர்ஸ்டு பவுண்டரி ஆள். அண்ணாச்சி சொன்னதோடு உடன்படுகிறேன், அந்த முறை பக்கமிருந்து நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அது பெஸ்கின் 1972-இல் இதய வால்வைச் சுற்றி ரத்தம் ஓடுவதைக் கணக்கிடக் கொண்டுவந்தது. கட்டம் அசையாமல் நிற்கும், துகள் அதன் மேல் நகரும், துகளின் எல்லையிலுள்ள விசையை ஒவ்வொரு திசையிலும் அக்கம்பக்கத்து நான்கு கட்டங்களுக்குப் பரப்பி விடுவோம். அப்படிப் பரப்புவதாலேயே துகள் தன் நிஜ அளவைவிடச் சற்றுப் பருமனாக நடந்துகொள்ளும், இடைவெளி இரண்டு மூன்று கட்டத்துக்குள் வந்தால் இங்கேயும் லூப்ரிகேஷன் காணாமல் போகும், இங்கேயும் கையால்தான் சேர்க்க வேண்டும். அதனால் புகுந்துகொள்வதற்குப் பயந்து மாறினால் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

மாற வேண்டிய காரணம் வேறு. எங்கள் ஊர் அணைக்கட்டில் சேர்கிற மணலை எடுத்துக்கொள்ளுங்கள், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அது. அரை மில்லிமீட்டர் மணல் தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் இறங்கும், ரெனால்ட்ஸ் எண் 35. அங்கே நிலைம உறுப்பை விட முடியாது, சமன்பாடு நேரியலாக இல்லை, ஒரு புள்ளி விசைக்கான தீர்வாகிய கிரீன் சார்பை வைத்து மேற்பரப்போடு நின்றுகொள்ளும் வசதி போய்விடும். அதற்குத்தான் இம்மர்ஸ்டு பவுண்டரியோ, தண்ணீரைக் கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற துகள் கூட்டமாகக் கணக்கிடுகிற லாட்டிஸ் போல்ட்ஸ்மானோ. கோதுமைப் பாலுக்கு உங்கள் முறைதான் சரி, கைடிடம் ரெனால்ட்ஸ் எண்ணைக் காட்டிப் பேசுங்கள்.

அப்புறம், கணினியை விட்டுவிட்டுக் கையால் ஒரு கணக்குப் போட்டீர்களா? மாவுச்சத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. 20 மைக்ரான் துகளுக்கு முற்றுத்திசைவேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் வரும், 30 சென்டிமீட்டர் உயர அண்டாவில் முக்கால் மணி நேரத்தில் அடிக்குப் போய்விடும். ஆரத்தின் வர்க்கத்தில் போவதால் 5 மைக்ரான் துகளுக்கு 16 மடங்கு நேரம், 12 மணி. பழுப்பு ஏடு கடைசியாக வந்து படிவது இதிலேயே தெரிகிறது. துகள் நெருக்கமாக இருந்தால் வேகம் இன்னும் குறையும், ரிச்சர்ட்சனும் ஸாக்கியும் 1954-இல் தந்த விதிப்படி கொள்ளளவில் 10 சதவீதம் மாவு இருந்தால் வேகம் 60 சதவீதம்தான். ஒரு ராத்திரி போதாமல்கூடப் போகலாம். காலையில் வடிக்கிற தண்ணீர் உண்மையிலேயே பளிச்சென்று இருக்கிறதா?


பாளைக்காரன்:

அண்ணாச்சி, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், செய்து பார்க்காமல் வரக்கூடாது என்றிருந்தேன்.

அக்கா கேட்டதை முதலில் சொல்கிறேன். தண்ணீர் தெளிவு என்று நான் எழுதியது தப்பு. நேற்று விடிகாலை மாமா வடிக்கும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தேன், வடித்த கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கல்தான்.

புரோகிராமில் லூப்ரிகேஷன் சேர்த்து, இடைவெளி குறையக் குறைய நேரப்படியும் குறையும்படி மாற்றினேன். துள்ளல் நின்றுவிட்டது. நேர் மேலே வைத்தால் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது, தொடுவதில்லை. பெரியதைக் கொஞ்சம் பக்கமாக நகர்த்தி வைத்தால் சின்னது அதன் உடம்பை ஒட்டியே வளைந்து மேலே போய்விடுகிறது, பெரியது இறங்கிவிடுகிறது. செங்குத்து அழுத்த விஷயம் அண்ணாச்சி சொன்ன மாதிரியே இருந்தது, நிபந்தனை சேர்த்ததும் சால்வர் எடுத்துக்கொள்கிற சுற்றுகள் பாதிக்குக் கீழே வந்துவிட்டன. கைடிடம் காட்டினேன், தொடரச் சொல்லிவிட்டார்.

கல்லூரி நுண்ணோக்கியில் இரண்டு அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்து, அயோடின் விட்டுப் பார்த்தேன். ஏட்டில் பெரும்பாலும் பொடிப்பொடி உருண்டைகள், நடுவே நீலம் ஏறாத தவிட்டுத் துணுக்குகள். அடி மாவில் பெரிய துகள்கள், ஆனால் அவை கோளமே இல்லை. கண்ணாடியைத் தட்டினால் சில புரளும்போது விளிம்பு தெரிகிறது, பயறு மாதிரி தட்டை. இப்போது என்ன செய்ய?


அம்பை:

நல்ல வேலை பார்த்திருக்கிறாய் தம்பி. கோதுமையின் பெரிய மாவுத் துகள் வில்லை வடிவம்தான், சின்னதுதான் உருண்டை. கோளத்தை அழுத்தித் தட்டையாக்கி அதே 320 முக்கோணத்தையே வைத்துக்கொள், மெஷ்ஷை மாற்றினால் போதும் என்பதுதான் இந்த முறையின் பெரிய சுகம். லூப்ரிகேஷன் வாய்பாட்டில் மட்டும் ஆரத்துக்குப் பதில் நெருங்கும் இடத்தின் வளைவு ஆரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சோதனையாக ஒற்றை வில்லையைச் சாய்த்து விட்டுப் பார். அது நேராக விழாது, சாய்ந்த பக்கமாக நழுவிக்கொண்டே இறங்கும், ஆனால் சாய்வு ஒரு பாகைகூட மாறக் கூடாது. உன் புரோகிராமில் அது மெல்லத் திரும்புகிறதென்றால் திருப்புவிசைக் கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது, அதைச் சரி செய்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டு.