ஒட்டுமரத்தில் போர்க்கப்பல்: மர வேலைக்காரர்களின் அனுபவங்கள்

பொள்ளாச்சி, மரப் பட்டறை:

வீடு கட்டுகிறவர்கள் பலரும் என்னிடம் வந்து, "ஒட்டு வேலை வேண்டாம், ஒரே மரமாகப் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். பலகைகளை அடுக்கிப் பசையால் நன்றாக ஒட்டிய மரத்தை, அதாவது ஒட்டுமரத்தை, நம்பிப் போர்க்கப்பலே கட்டினார்கள் என்று நான் சொன்னால் நம்புவதில்லை.

1909-இல் அமெரிக்காவில் 'வயோமிங்' என்ற ஆறு பாய்மரக் கப்பலைக் கட்டினார்கள். மேல்தளம் மட்டும் சுமார் 107 மீட்டர் நீளம். அவ்வளவு நீளத்துக்கு மரம் ஏது? பசையில் ஒட்டாமல், கட்டைகளை முனையோடு முனை சேர்த்து, போல்ட்டு முடுக்கி, இரும்புப் பட்டைகளும் அடித்தார்கள். அப்படியும் அலையில் உடல் முறுக்கிக்கொள்ள, பலகை இடுக்குகளில் தண்ணீர் புகுந்தது. பம்புகளின் துணையில்தான் ஓடியது. 1924-இல் புயலில் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. போல்ட்டு, பாரம் முழுவதையும் துளையின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. துளை தளர்ந்தால் சட்டமே தளர்கிறது. பசையோ பலகையின் முகம் முழுவதும் பாரத்தைப் பரப்புகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரிசார்சினால் என்ற, தண்ணீருக்கு விடாத பசை புழக்கத்துக்கு வந்தது. அதன்பின், 1950-களில், அமெரிக்கக் கடற்படை, கடலில் வைத்த வெடிகளை (கடற்கண்ணிகளை) அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களை இப்படி ஒட்டிய மரத்தில் கட்டியது. இரும்பு உடலின் காந்தப் புலம் கடற்கண்ணியை வெடிக்க வைத்துவிடும் என்பதால் அவற்றுக்கு மரம் தேவைப்பட்டது. கப்பல் ஆசாரிகள் வங்கு என்று சொல்லும் வளைந்த சட்டத்துக்கு, முன்பெல்லாம் இயற்கையாகவே வளைந்த ஓக் மரத்தைக் காட்டில் தேடி அலைய வேண்டும். ஒட்டு முறையில் மெல்லிய பலகைகளை அச்சில் வளைத்து, பசை தடவி இறுக்கினால் போதும். நார் வளைவோடு கூடவே ஓடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சில்வர் ஓக் துண்டுகளை ரிசார்சினாலில் ஒட்டி, கொதிநீரில் பல மணி நேரம் வேகவைத்து, காயவைத்து, ஒட்டின் மேல் உளியை வைத்து அடித்துப் பார்த்தேன். பிளவு ஒட்டில் போகவில்லை. பக்கத்து மரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கருஞ்சிவப்புப் பசைக்கோடு அப்படியே நின்றது. வெள்ளைப் பசையில் ஒட்டிய துண்டு கையோடு பிரிந்து வந்துவிட்டது. ஒட்டுமரத்தின் பெயரைக் கெடுப்பது இந்த மலிவு வேலைதான்.

ஈரோடு, கடற்படையில் இருந்தவன்:

நண்பர் சொல்வதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்லா மரக் கண்ணிவாரிகளும் ஒட்டுமரம் அல்ல. நம் கடற்படை 1956-இல் பிரிட்டனிடமிருந்து வாங்கிய கடலூர், கண்ணனூர், கார்வார், காக்கிநாடா நான்கும் 'டன்' வகை. அவற்றுக்கு அலுமினியச் சட்டம், மேலே மகாகனிப் பலகை இரண்டு அடுக்கு. அந்த வகைக் கப்பலில் நான் வேலை பார்த்திருக்கிறேன். இரும்புச் சாமான் எதையும் கேட்காமல் உள்ளே கொண்டுபோக முடியாது. தளத்தில் கால் வைத்தாலே இரும்புக் கப்பலின் அதிர்வு இல்லை என்பது தெரியும்.

கோயம்புத்தூர், வனவியல் படித்தவள்:

மரக்கப்பலுக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. ஆனைமலைத் தேக்கை டாப்சிலிப்பிலிருந்து சரிவில் உருட்டிவிட்டு, பம்பாய்க் கப்பல் தளத்துக்கு அனுப்பினார்கள். காட்டை அழித்த கதையும் அதற்குள் இருக்கிறது. பெருமையாக மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒட்டு முறையின் உண்மையான மதிப்பே, பெரிய மரங்களை வெட்டாமல் சிறிய மரங்களில் பெரிய சட்டம் கிடைப்பதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம்: தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டே, ஒட்டு நிற்குமா அண்ணா?

பொள்ளாச்சி, மரப் பட்டறை:

நிற்கும் தங்கச்சி, பக்குவம் தெரிந்தால். இழைத்த பலகையை மறுநாள் வரை விடக்கூடாது. எண்ணெய் மேலே வந்துவிடும். அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் பசை தடவ வேண்டும். பலகைகளின் ஈரம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல, 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் ஈரத்தைக் கொண்டுவரும். மாசியில் மரம் சுண்டிக் கிடக்கும். ஈரமானியை வைத்துப் பார்க்காமல் நான் எதையும் ஒட்டுவதில்லை. சித்திரை வெயிலில் கலக்கிய பசை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் விடிகாலையில் ஒட்டி, கிளாம்பு போட்டு, அடுத்த நாள் வரை தொடாமல் விடுங்கள்.