வல்லம் மேட்டில் நாக் அடித்த பியட்

திருவையாறு பியட்:
தாத்தா வாங்கிய பியட் பத்மினி கார், 1978 மாடல். நம் பக்கம் எல்லாம் தட்டை நிலம் என்பதால் வண்டி நாக் அடிப்பதே (இஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதே) ரொம்ப நாள் தெரியவில்லை. திருச்சி போகும்போது வல்லம் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அமுக்கினால் மட்டும், எவர்சில்வர் டம்ளரில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கம்ப்ரஷன், அதாவது பெட்ரோல் கலந்த காற்றை இஞ்சின் அழுத்துகிற அளவு, ஏறினால் நாக் வரும். பியட்டுக்குக் கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் கம்மிதான். ஆனால் எங்கள் வண்டி இஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் இரண்டு தடவை சூட்டில் வளைந்து, இரண்டு தடவையும் பட்டறையில் சீவப்பட்டது. சீவச் சீவ உள்ளே இடம் குறைந்து கம்ப்ரஷன் ஏறிக்கொண்டே போகும். பட்டறையில் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்ரோலின் ஆக்டேன் ஏறினால் நாக் குறையும் என்று, அதை ஏற்றுகிற ஆக்டேன் பூஸ்டர் ஒரு பாட்டில் வாங்கினேன். '30 பாயிண்ட் ஏறும்' என்று போட்டிருந்தது. 91 ஆக்டேன் பெட்ரோல் 121 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன், சிரிக்காதீர்கள். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். ஆக 91 என்பது 94 ஆகும், அவ்வளவுதான். சத்தம் கொஞ்சம் அடங்கியது உண்மை. நாலாவது பாட்டிலுக்கு அப்புறம் ஒரத்தநாடு தாண்டி வண்டி திக்கித் திக்கி நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையில் செங்கல் பொடி தூவியது போல ஒரு படலம். மாங்கனீசோ இரும்போ கலந்த பூஸ்டர் என்றால் பிளக் இப்படித்தான் சிவக்குமாம்.

தஞ்சாவூரில் ஒரு வயதான மெக்கானிக் ஹெட்டை இறக்கி, பிஸ்டன் மேல் அப்பியிருந்த கார்பனைச் சுரண்டினார். ஹெட்டுக்கு அடியில் கனமான கேஸ்கட் போட்டு உள்ளே இடத்தைக் கூட்டினார். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவைப் பிடித்து, பிளக் பொறி விடுகிற டைமிங்கை ஒரு பொட்டு பின்னால் தள்ளினார். "பாட்டிலை ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும் தம்பி" என்றார். இப்போது வல்லத்தில் சத்தமே இல்லை. இழுவை கொஞ்சம் குறைந்திருக்கிறது, பரவாயில்லை.

குடந்தை வி8:
தம்பி, உங்களுடையது சீவி ஏறிய கம்ப்ரஷன். என்னுடைய 1965 செவர்லே இம்பாலாவில் 327 கன அங்குல இஞ்சின், கம்ப்ரஷன் பிறவியிலேயே 10.5. டைமிங்கைத் தள்ளினால் எருமை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் எனக்கு ஆக்டேன் வேண்டும்தான். சென்னை போகிறபோது எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பிக்கொள்வேன், இங்கே பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஊரில் கிடைக்கிற 95-ல் அளவாகக் கொஞ்சம் பூஸ்டர் சேர்த்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓட்டுவேன்.

இன்னொன்று. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் ஆக்டேனையும் ஏற்றியது, வால்வ் மூடும்போது வந்து உட்காருகிற வால்வ் சீட்டையும் காப்பாற்றியது. என் வண்டிக்கு இரும்பு ஹெட், சீட்டை அதிலேயே வெட்டியிருப்பார்கள், தேய்ந்தால் வால்வ் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். எல்லா பூஸ்டர் பாட்டிலும் அதைக் காப்பாற்றாது. லேபிளில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் கெட்டியான சீட்டைத் தனியாக இறக்கியிருப்பார்கள், உங்களுக்குக் கவலை இல்லை.

நாகை ஹெரால்டு:
நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். டொலுயீனுக்கு ஆக்டேன் அதிகம் என்று யாரோ சொல்ல, பெயிண்ட் கடைத் தின்னரை ஊற்றினேன். தின்னரில் டொலுயீன் மட்டுமா இருக்கிறது? ஒரே வாரத்தில் பெட்ரோல் டியூப் வெந்த கத்தரிக்காய் மாதிரி ஊதிவிட்டது.

திருவையாறு பியட்:
அண்ணே, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலும் டியூபை அப்படித்தான் பண்ணும் போல. 95 ஆக்டேன் என்பது நல்லதுதான், ஆனால் பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. நான் எல்லா டியூபையும் மாற்றிவிட்டேன். போன ஐப்பசி அடைமழையில் இரண்டு மாதம் வண்டியை எடுக்கவே இல்லை. டேங்க் மூடி ரப்பரும் செத்துப்போயிருந்தது. ஸ்டார்ட் ஆகாமல் அடியில் வடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்தால், மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாகத் தண்ணீரும் எத்தனாலும். நடுவில் கோடு கிழித்தது போல இருந்தது. பாட்டிலை நாலு தடவை கழுவி வைத்துவிட்டேன், அம்மா அதில் நார்த்தங்காய் போட மாட்டேன் என்கிறார்.