4294967297-இன் காரணிகள் குறித்து ஓர் ஐயம்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். 2-இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் கிடைக்கும் 4294967297 என்ற எண்ணைச் சில வாரங்களாக ஆராய்ந்து வருகிறேன். பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பிய இதனை, 641 × 6700417 எனக் கணிதவியலாளர் ஆய்லர் 1732இல் பிரித்துக் காட்டினார். 641 என்பது 5 × 128 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் அமைவதைக் கொண்டு வகுபடுதலை நிறுவும் வழி எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வெண் 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூடுதலாகவும், 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூடுதலாகவும் இருப்பது என்னை மிகவும் கவர்ந்தது. 20449 தானே 143-இன் வர்க்கம்.

என் சிக்கல் 6700417 பகா எண் என்பதைக் கையால் நிறுவுவதில் உள்ளது. இதன் ஒவ்வொரு பகாக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து (p என்ற பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணின் (p − 1)ஆம் அடுக்கையும் p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது) பெற்றுவிட்டேன். ஆனால் 128ஆல் வகுத்தாலும் மீதி 1 தான் என்னும் கணிதவியலாளர் லூக்காவின் முடிவைப் பயன்படுத்தினால், 6700417-இன் வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியான 2588 வரை 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அந்த முடிவுக்கு, 8ஆல் வகுக்க மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதனால் வகுக்கும்போது மீதி 2 தரும் ஒரு வர்க்க எண் இருக்கும் என்பது தேவைப்படுகிறது. இதனைப் பள்ளிக் கணித அளவிலேயே நிறுவும் வழி தெரிந்தவர்கள், இடைப்படிகளை விடாமல் எழுதி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.