ஈசலில் ஒட்டிய ஈசல்

எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு என்று மொட்டை மாடி அறையை ஒதுக்கி மூன்று வருடம் ஆகிறது. வீடு சென்னையில். வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதே என்றுதான் அந்த அறையைப் பிடித்தேன். ஓவிய அறைக்கு வடக்கு வெளிச்சம் உத்தமம், நேர் வெயிலே விழாது என்று படித்த புத்தகத்தில் எல்லாம் போட்டிருந்தது. அவை ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியவை என்பது மே மாதம்தான் உறைத்தது. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவேளையில்கூட சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்வாக நுழைந்து கேன்வாஸ் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போது வரைந்துகொண்டிருந்தது அப்பா படம். வெயிலின் மஞ்சளை வண்ணத்தின் மஞ்சள் என்று நம்பி, தோல் நிறத்தில் நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். மறுநாள் மத்தியானம் அத்தை பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஏண்டா இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கு?" என்றார்.

இப்போது ஜன்னலுக்கு வெள்ளைக் காடாத் துணியில் திரை. ராத்திரிக்குப் பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக எரியும் 5000 கெல்வின் எல்.இ.டி. விளக்கு, பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். அதிலும் ஒரு கூத்து. மழை விட்ட அன்று ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். கேன்வாஸைத் தாங்கும் மரச் சட்டமான ஈசலில், வண்ணம் காயாமல் இருந்த வானத்தில் நிஜ ஈசல் முப்பது நாற்பது ஒட்டிக்கொண்டு துடிக்கிறது. பதற்றத்தில் விரலால் எடுத்து வானம் முழுக்கத் தீற்றிவிட்டேன். அப்படியே விட்டு, வண்ணம் காய்ந்தபின் தட்டியிருந்தால் ஈசல் உதிர்ந்திருக்கும், வானம் தப்பியிருக்கும்.

சாமான்களில் பட்ட அடி ஒன்றுதான். வண்ணத்தில் கலக்கும் ஆளி விதை எண்ணெய் தீர்ந்துபோன அவசரத்தில், வீட்டுக்குப் பெயின்ட் விற்கும் கடையில் 'டபுள் பாயில்டு' வாங்கினேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். ஒன்றில்லை. சீக்கிரம் காய்வதற்கான மருந்து சேர்த்த எண்ணெய் அது. கெட்டியாகப் பூசிய இடமெல்லாம் பால் ஆறினால் ஏடு கட்டுமே, அப்படிச் சுருங்கிவிட்டது. மேலே தோல், உள்ளே கொழகொழ.

அப்புறம், டியூபில் நிறத்தின் பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று இருந்தால் அது மாற்று நிறமி. பழக அது போதும். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.

---

அண்ணா, உங்கள் அத்தை சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். துணியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? தூரிகை துடைத்த பழைய வேட்டித் துணிகளை நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் அடைத்துக் கட்டி, துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தேன். சாயங்காலம் ஏதோ கருகல் வாடை. கவரைத் தொட்டால் இட்லிப் பானை மூடி மாதிரி கொதிக்கிறது. பிரித்தால் நடுவில் இருந்த துணி பழுப்பேறியிருந்தது. அடுப்பு கிடையாது, வெயில் கிடையாது. இந்த ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் காய்கிறது. அப்போது சூடு வரும். துணி சுருண்டு கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். இப்போதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே கொடியில் விரித்துக் காயவைத்துத்தான் குப்பைக்குப் போடுகிறேன். நேரமில்லாத நாளில், தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடிவிடுவேன்.

---

படித்ததும் மாடிக்கு ஓடினேன், தங்கச்சி. ஈசலுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடைப் பை நிறையத் துணி. நல்லவேளை, சூடில்லை. எல்லாவற்றையும் கொடியில் விரித்தாயிற்று. "துவைக்காம ஏண்டா காயப்போடுறே?" என்று அத்தை கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.