மரித்தவர்கள் இப்போது உறங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா?

விடியல்தாரகை:
அம்மாவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆராதனையில் ஒருவர், "இந்நேரம் கர்த்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்றார். இன்னொருவர், "எக்காளம் தொனிக்கும்வரை உறங்கட்டும்" என்றார், அதாவது கிறிஸ்து திரும்ப வரும்வரை. இரண்டும் எப்படிச் சரியாகும்? நான் நம்புவது இரண்டாவதை. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்று பிரசங்கி 9:5 நேராகவே சொல்கிறது. நாலு நாள் கல்லறையில் கிடந்து இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு, அங்கே எதையாவது கண்டதாக யோவான் ஒரு வரி எழுதவில்லையே.

எம்மாவுவழி:
கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. ஆனால் அதே வசனத்தை முழுதாக வாசியுங்கள்: "இனி அவர்களுக்கு ஒரு பலனுமில்லை." இதை எழுத்துப்படி எடுத்தால் உயிர்த்தெழுதலும் போய்விடும். சூரியனுக்குக் கீழே தெரிவதை மட்டும் பிரசங்கி பேசுகிறார். தம்மோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றாரே?

விடியல்தாரகை:
பழைய கிரேக்கப் பிரதிகளில் கால்புள்ளி கிடையாது. "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்றும் பிரிக்கலாம்.

எம்மாவுவழி:
"மெய்யாகவே சொல்லுகிறேன்" என்று இயேசு எத்தனையோ தடவை சொல்கிறார். வேறெங்கும் "இன்றைக்கு" அதோடு ஒட்டி வருவதில்லை. அப்புறம் பிலிப்பியர் 1:23. வெறும் உறக்கம்தான் காத்திருக்கிறது என்றால், தேகத்தை விட்டுப் போவது "அதிக நன்மை" என்று பவுல் ஏன் ஏங்க வேண்டும்?

விடியல்தாரகை:
உறங்குகிறவனுக்குக் காலம் தெரியாது. கண்ணை மூடிய அடுத்த கணம் அவனுக்குக் கிறிஸ்துவின் வருகைதான்.

எம்மாவுவழி:
சரி, அது நியாயமான பதில்தான். சபையைச் சீர்திருத்திய லூத்தரும் மரணத்தைப் பல இடங்களில் உறக்கம் என்றே பேசினார். கல்வினோ 1534-லேயே ஆத்தும உறக்கத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். சீர்திருத்தக்காரர்களே ஒரே குரலில் பேசவில்லை.

மெழுகுதிரி:
கத்தோலிக்கர் பக்கமும் இது எளிதில் தீரவில்லை. நீதிமான்களின் ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்புக்குப் பிறகே கடவுளை முகமுகமாய்க் காணும் என்று திருத்தந்தை (போப்) 22-ஆம் யோவான் 1331-ல் மறையுரை ஆற்றினார். திருத்தந்தையே சொன்னாலும் எதிர்ப்பு கிளம்பியது. 1334-ல் மரணப்படுக்கையில் அதைக் கைவிட்டார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-ல் தெளிவாக அறிவித்தார்: தூய்மை பெற வேண்டியதில்லாதவர்கள் உடனே காண்பார்கள், மற்றவர்கள் அது முடிந்ததும். விடியல்தாரகை, அம்மாவுக்காக நீங்கள் மன்றாடலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். மக்கபேயர் நூலில் யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே போரில் மடிந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

எம்மாவுவழி:
மக்கபேயர் எங்கள் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லை. மரித்தபின் ஆத்துமா தூய்மை பெறுவதாகச் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலத்தையும் நாங்கள் ஏற்பதில்லை.

மெழுகுதிரி:
கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் உத்தரிக்கும் ஸ்தலக் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆனாலும் இறந்தோருக்காக மன்றாடுகின்றன.

விடியல்தாரகை:
அதை யோசிக்கிறேன். என் வாதத்துக்கு உண்மையில் இடறலாக நிற்பது வெளிப்படுத்தின விசேஷம் 6. பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகிறார்கள். கிடைக்கும் பதிலோ, "இன்னுங் கொஞ்சக்காலம் இளைப்பாறவேண்டும்."

எம்மாவுவழி:
கூப்பிடுகிறவர்கள் விழித்திருக்கிறார்கள். இளைப்பாறச் சொல்லப்பட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அம்மாவைப் பற்றி நான் இவ்வளவுதான் நம்புகிறேன்: கிறிஸ்துவோடு இருக்கிறார், உடலின் மீட்புக்காக நம்மைப் போலவே காத்திருக்கிறார்.